விடாத பிரேக்

போடியிலிருந்து மேட்டுக்கு ஏறும் சாலையில், முதல் வளைவுக்கு முன்னால் மைமூனின் பட்டறை இருந்தது. மலை ஏறி இறங்கும் வண்டிகளுக்குப் பிரேக் பார்ப்பாள். வேறு வேலை எடுப்பதில்லை.

ஒரு முற்பகலில் ஒச்சப்பன் அங்கே ஒரு பழைய பிக்கப்பை ஓட்டிவந்து நிறுத்தினான். அவளைவிடப் பத்து வயது மூத்தவன். லாரி ஓட்டிக்கொண்டிருந்தவன், நாற்பத்தெட்டு வயதில் அவளிடம் தொழில் கற்க வந்தான். மூன்று வருடம் இருந்துவிட்டு, சந்தைக்குப் பக்கத்தில் தனியாகக் கடை போட்டான்.

பிக்கப்பின் சொந்தக்காரன் ஜக்கையன் உள்ளே உட்காராமல் பின்னால் நின்றுகொண்டே வந்திருந்தான்.

"ஏன்டா பின்னாடி நிக்கிற?" என்று கேட்டாள் மைமூன்.

"குதிக்க வசதிக்கா."

ஒச்சப்பன் சிரிக்கவில்லை.

"முன் பிரேக்கு விடமாட்டேங்குது மேஸ்திரியம்மா. மூணு தடவ பாத்துட்டேன். பேடு புதுசு, காலிப்பர் புதுசு, ஹோஸ் புதுசு. நேத்து ஏழாவது வளைவுல மறுபடி புகை."

"தோட்டத்துக்குப் போற பொம்பளைங்க பதினோரு பேர் பின்னாடி," என்றான் ஜக்கையன். "எல்லாரும் இருமிக்கிட்டே இறங்கி நடந்தாங்க. ஒரு ஆத்தா, சாம்பிராணி போட்டுட்ட, குளிப்பாட்டத்தான் மறந்துட்டன்னுட்டுப் போச்சு."

"நாளைக்கும் ஆள் ஏத்தணும்," என்றான் ஒச்சப்பன். "இது சரியாகலைன்னா கடைய மூடிடுறேன். என் கைபட்ட வண்டியில யாருக்காவது ஒண்ணு ஆச்சுன்னா நான் தாங்கமாட்டேன்."

மைமூன் முன்சக்கரத்தின் பக்கம் போனாள்.

"காலையில சக்கரம் சுத்துதா?"

"பம்பரம் மாதிரி."

"எப்ப இறுகுது?"

"ஓட ஓட."

"அஞ்சாவது வளைவு வரைக்கும் போயிட்டு வாங்க. எதையும் கழட்ட வேணாம்."

அவன் போய் வந்தான். வண்டியைவிட்டு இறங்கும்போதே முன்சக்கரங்களிலிருந்து காந்தல் வாடை வந்தது. மைமூன் குனிந்து இரண்டு சக்கரத்துக்கும் பக்கத்தில் புறங்கையைக் காட்டினாள்.

"ரெண்டும் ஒரே சூடு."

"ஆமா."

"ரெண்டு பக்கமும் பேசி வெச்சுக்கிட்டு ஒரே நாள்ல கெட்டுப்போகுமாண்ணே?"

ஒச்சப்பன் யோசித்தான்.

"போகாது."

"எதை மாத்தல?"

"மாஸ்டர் சிலிண்டர். அதுல கை வைக்க வேண்டாம் மேஸ்திரியம்மா. தைப்பூசத்துக்கு முன்னாடி நானே போட்டது. பெடலத் தொட்டாலே பிடிக்கும்."

"தொட்டாலேவா?"

"தொட்டாலே."

அதைச் சொன்னபோது மட்டும் அவன் முகம் கொஞ்சம் தெளிந்தது.

பெடலை மிதித்தால் இரண்டு சக்கரத்துக்கும் பிரேக் எண்ணெயைத் தள்ளுவது அந்தச் சிலிண்டர்தான். மைமூன் முன்பக்கத்தை ஜாக்கியில் தூக்கச் சொன்னாள். ஜக்கையன் டயரை இரண்டு கையாலும் பிடித்து இழுத்தான். அசையவில்லை. மைமூன் ஒச்சப்பனிடம் ஒரு ஸ்பேனரைக் கொடுத்தாள்.

"சிலிண்டரப் பிடிச்சிருக்கிற ரெண்டு நட்டையும் இளக்குங்க. கழட்ட வேணாம். சிலிண்டர் ஒரு நூல் முன்னாடி வந்தாப் போதும். ஜக்கையா, நீ இழுத்துக்கிட்டே இரு."

"விடியிற வரைக்கும் இழுக்கிறேன்க்கா. இது வராது."

ஒச்சப்பன் முதல் நட்டை இளக்கினான். இரண்டாவதை இளக்கினான். சிலிண்டரை மெல்ல முன்னால் இழுத்தான்.

சக்கரம் சட்டென்று சுழன்றது. ஜக்கையன் மண்ணில் உட்கார்ந்தான்.

"அடி ஆத்தி," என்றான்.

ஒச்சப்பன் சிலிண்டரிலிருந்து கையை எடுக்கவில்லை. குனிந்து அதன் பின்பக்கத்தைப் பார்த்தான். பிறகு தனக்குச் சொல்வதுபோலச் சொன்னான்.

"பெடல்லருந்து சிலிண்டருக்குள்ள தள்ளுற கம்பி நீளமா இருக்கு. கால எடுத்தாலும் அது தள்ளிக்கிட்டே நிக்குது. எண்ணெய் திரும்பிப் போற ஓட்டை மூடியே கெடக்கு. சூட்டுல எண்ணெய் விரிஞ்சா, அதுக்குப் போக்கிடம் கிடையாது. சக்கரத்தத்தான் பிடிக்கும்."

"கம்பிய யாரு நீட்டுனது?"

"நான்தான்."

ஒச்சப்பன் சிலிண்டரை விட்டுவிட்டு நிமிர்ந்தான்.

"உங்களுக்குத் தெரியாதது இல்ல," என்றான். "லாரி ஓட்டுறப்ப ஒரு நாள் இறக்கத்துல பிரேக்க மிதிச்சேன். பெடல் அடி வரைக்கும் போச்சு. கீழ ஒண்ணுமே இல்ல. கிளீனருக்கு ஒரு கால் போச்சு. அதுலருந்து, பிரேக்குல என் கால் வெறுமனே இறங்கினா எனக்கு உசுரு நிக்கமாட்டேங்குது."

"இந்த ஒரு வண்டி மட்டும்தானா?"

அவன் தலையைக் குனிந்துகொண்டான்.

"எல்லா வண்டியும் அப்படித்தான் வெச்சுக் குடுக்கிறேன்."

மைமூன் சிலிண்டரை வெளியே எடுத்துத் தொங்கவிட்டாள். கம்பியின் நுனி தெரிந்தது.

"குறைங்க."

"நீங்க குறைச்சுக் குடுங்களேன்."

"நீங்கதான்ணே நீட்டுனீங்க."

அவன் கால் சுற்று திருப்பினான்.

"போதுமா?"

"இன்னும்."

இன்னொரு கால் சுற்று.

"இன்னுமா?"

"இன்னும்."

மூன்றாவது திருப்பின் நடுவில் நிறுத்தி, ஸ்பேனரை அவளிடம் நீட்டினான். மைமூன் வாங்கிக்கொள்ளவில்லை. அவன் திருப்பி முடிக்கும் வரை பக்கத்தில் நின்றாள். சிலிண்டரைத் திரும்பப் பொருத்திப் பார்த்தபோது கம்பிக்கும் பிஸ்டனுக்கும் நடுவில் ஒரு தாள் நுழையும் அளவு இடம் இருந்தது.

ஒச்சப்பன் உள்ளே ஏறி மிதித்தான். பெடல் ஒரு விரல் அளவு வெறுமனே இறங்கி, அதன்பிறகு பிடித்தது. அவன் உடனே காலை எடுத்துக்கொண்டான்.

"வாங்க, போயிட்டு வருவோம்," என்று மைமூன் பக்கத்தில் ஏறி உட்கார்ந்தாள்.

ஏழாவது வளைவு வரை போனார்கள். இறங்கும்போது முதல் திருப்பத்தில் ஒச்சப்பன் மிதித்தான். கால் வெறுமையில் இறங்கியது. அவன் ஸ்டியரிங்கை இறுகப் பிடித்தான். பிறகு பெடல் கெட்டிப்பட்டு, வண்டி வேகம் குறைந்து, சாதுவாகத் திரும்பியது. அடுத்த திருப்பத்திலும் அப்படியே. அதற்கடுத்ததிலும். கீழே பட்டறையின் தகரக்கூரை தெரிந்தபோது அவன் தோள்கள் இறங்கியிருந்தன. இறக்கத்தில் பயத்தோடு எப்போதும் எண்ணிவரும் திருப்பங்களை இன்று எண்ணாமல் விட்டதை அப்போதுதான் கவனித்தான்.

பட்டறையில் நிறுத்தி, மறுபடி ஜாக்கியில் தூக்கினார்கள். சக்கரத்தில் சூடு இருந்தது, கை வைக்க முடிந்தது. புகையில்லை, வாடையில்லை.

"நாளைக்குக் காலையில அஞ்சரைக்கு," என்று ஜக்கையன் தோட்டத்துக் கங்காணிக்கு போன் போட்டான். "ஆமா, பதினோரு பேரும்தான். சாம்பிராணி கிடையாதுன்னு சொல்லு."

ஒச்சப்பன் கையைத் துடைத்தான். துடைத்த துணியை மடித்தான். போகாமல் நின்றான்.

"மேஸ்திரியம்மா."

"சொல்லுங்கண்ணே."

"வண்டி சரியாயிடுச்சு. எனக்குப் புரிஞ்சும்போச்சு, மத்த வண்டியையும் கூப்பிட்டுக் குறைச்சிடுறேன். ஆனா ஒண்ணு கேக்கணும். மிதிக்கிறப்ப அந்த ஒரு விரல் தூரம் ஒண்ணுமே இல்லாம இறங்குதே. அந்த நேரத்துல பிரேக்கு எதையும் பிடிக்கல. நமக்குப் பிடிமானம் இல்ல. அந்த இடம் எதுக்குத்தான் இருக்கு?"

மைமூன் குனிந்து, தூக்கி நின்ற முன்சக்கரத்தை உள்ளங்கையால் லேசாகத் தள்ளினாள். பேடு உரசும் மெல்லிய ஓசையோடு அது சுற்றியது. இருவரும் பார்த்துக்கொண்டு நின்றார்கள். யாரும் நிறுத்தாமல், தன் போக்கில் சுற்றி, தானே ஓய்ந்தது.

"இதுக்குத்தான்ணே," என்றாள்.