கரைவேலனுக்குக் கொட்டிய மல்லிகை

வெள்ளேரிப்பாக்கம் நிலையத்தில் கிளைப்பாதை ரயில் வந்து நின்றதும் அதன் பெட்டிகளைப் பெருக்குவது கன்னியம்மாள் என்னும் அம்மையாரின் பணி. வெற்றிலைச் சாறு, வேர்க்கடலைத் தோல், சேறு எல்லாவற்றையும் முகம் சுளிக்காமல் கூட்டித் தள்ளுவார். இடையிடையே கிடக்கும் மல்லிகை மொட்டுகளை மட்டும் முந்தானையில் பொறுக்கி, குழாயடியில் அலசித் தொடுத்து, நடைமேடைக்கு அப்பால் தண்டவாளம் வளைகிற இடத்தில் நின்ற வேலுக்குச் சாத்துவார்.

அந்த வேல், பாதை போட வந்த கூலியாட்கள் நட்டது. வெள்ளைக்காரன் காலத்தில் உப்பு ஏற்றிப்போக ஏரிக்குள் கரை எழுப்பினார்கள். கொட்டிய மண்ணெல்லாம் சேற்றில் அமிழ்ந்தது. முருகனை வேண்டி வேல் நட்ட பிறகே கரை நிலைத்தது என்பது ஊர்ப்பேச்சு. உப்பளங்கள் அழிந்தன, அதே ரயிலில் பூக்காரிகள் கூடை ஏற்றினார்கள். கரை காத்த அந்தக் கரைவேலனை நினைக்க அம்மையார் ஒருவரே மிஞ்சினார்.

பூக்காரி பவுனம்மாவுக்குக் கொஞ்ச நாளாகச் சந்தையில் பூவின் எடை குறைந்தது. நகரத்து ரயில் வரும்வரை கூடைகளைப் பெட்டியிலேயே விட்டுவிட்டு டீ குடிக்கப் போவது பூக்காரிகளின் வழக்கம். அந்நேரம் பெட்டிக்குள் இருப்பவர் யார்? ஒரு காலை, கூட்டத்தின் நடுவே பவுனம்மா அம்மையாரின் முந்தானையைப் பிடித்து இழுத்தாள். மொட்டுகள் சிதறின.

"பாத்தீங்களா? கையும் களவுமா மாட்டிக்கினா!"

"தரையில கெடந்ததும்மா. முருகனுக்குத்தான்."

"கீழ கெடந்ததயா சாமிக்குப் போடுவ? ஒண்ணு நீ திருடி, இல்லன்னா சாமிய அவமானப்படுத்துறவ. எதுன்னு நீயே சொல்லு!"

கூட்டம் சிரித்தது. இனிப் பூவைத் தொடக்கூடாது, இன்னொரு புகார் வந்தால் வேலை போய்விடும் என்றார் ஸ்டேஷன் மாஸ்டர். அன்று முதல் துடைப்பம் போன இடமெல்லாம் கண்கள் பின்தொடர்ந்தன. டீக்கடைக்காரர்கூட அவரைக் கண்டதும் பிஸ்கட் பாட்டிலை உள்ளே நகர்த்தி வைத்தார்.

அம்மையார் வெறுங்கையுடன் வேலின் முன் நின்றார். ஊரின் சந்தேகம் வலிக்கத்தான் செய்தது. அதைவிடப் பெரிய பயமொன்று அவரை அரித்தது.

"நீயும் நம்பலியா, முருகா? கீழ கெடந்த பூவுன்னு உனக்கும் கொறையா?"

 வேலைச் சுற்றிப் பெருக்கிவிட்டுத் திரும்பினார். பூவில்லாத நாட்களிலும் அந்தப் பணி நிற்கவில்லை.

எடை அப்போதும் குறைந்தது. "இவ பொட்டிகிட்டயே வராத அன்னிக்கு எடை சரியா இருந்தா, இவதான் திருடி" என்றாள் பவுனம்மா. கிருத்திகையன்று ரயில் வருமுன்பே மாஸ்டர் அம்மையாரைத் தம் அறையில் உட்கார வைத்தார். பவுனம்மா ரயிலின் கதவோரம் அமர்ந்து, கூடையை மடியில் அணைத்தபடி வந்தாள்.

வளைவில் ரயில் குலுங்கி நின்றது. கூடை மடியிலிருந்து உருண்டு வெளியே பாய்ந்து, கரைவேலன்மேல் கவிழ்ந்தது. வேலே தெரியாதபடி பூக்குவியல்.

"பிரேக்க நான் தொடவே இல்லியே!" என்று ஓட்டுநர் இறங்கி ஓடி வந்தார்.

பவுனம்மா ஓடிக் கூடையைத் தூக்கினாள். அதன் அடிப்பின்னல் விட்டுப்போயிருந்தது. பெட்டியைத் திரும்பிப் பார்த்தாள். அவள் மறுபக்கம் ஏறிக் கூடையோடு கதவோரம் நடந்து வந்த வழியெல்லாம் மொட்டுகள் சிந்திக் கிடந்தன. குவிந்த பூவை அள்ள நீண்ட கை தானாக மடங்கியது. மாஸ்டர் அறைக்கு ஓடி, அம்மையாரின் கைகளைப் பற்றிக்கொண்டாள்.

"அக்கா, நீ எடுக்கல. உன் சாமி எங்கிட்டயே வாங்கிக்கிச்சு. என்ன மன்னிச்சுடுக்கா."

அம்மையார் வந்து கண்டார். கரைந்து அழுதார். பிறகு வழக்கம்போல் குனிந்து, மண்ணில் சிதறிய மொட்டுகளைப் பொறுக்கலானார்.

"கெடந்த பூவ நானும் எடுக்கலாமாக்கா?"

"எடும்மா. அவனுக்குத்தான."

ஊரே ஐயுற்றபோதும் ஆண்டவன் வாசலைப் பெருக்க மறவாத அந்த அன்புக் கரங்களை நாமும் வணங்குவோம்.