தடம் போட்டுத் தடம் துடைக்கும் வண்டி

சுணங்கம்பட்டி எந்தப் பக்கம் இருக்கிறது என்று அந்த ஊர்க்காரர்களைக் கேட்டால் "இங்கதான் இருக்கு" என்பார்கள். தப்பும் இல்லை பாருங்கள், அவர்கள் நிற்கிற இடத்தில்தானே ஊர் இருக்கிறது. அந்த ஊரில் மாசிலாமணி என்று ஓர் இளவட்டம் இருந்தான். நல்ல உழைப்பாளி, பொய் சொல்லத் தெரியாதவன். மூளை மட்டும் கொஞ்சம் தாமதமாக வந்து சேரும். அவனுக்குத் தவமணி என்றால் உயிர். தவமணிக்கும் அவன்மேல் பிரியம்தான். ஏன் என்று கேட்காதீர்கள். அதையெல்லாம் கேட்க ஆரம்பித்தால் ஊரில் பாதிக் கல்யாணம் நடந்திருக்காது.

கஷ்டமெல்லாம் பெண்ணைப் பெற்ற கோட்டைச்சாமியால் வந்தது. மனுஷனுக்கு மூக்குக் கண்ணாடி இல்லாவிட்டால் முட்டிக்கொண்டால்தான் சுவர் தெரியும். அந்தக் கண்ணாடியை ஒரு நாளைக்குப் பத்துத் தடவை தொலைப்பார். அரிசிப் பானைக்குள் வைப்பார், ஆட்டுரலில் வைப்பார். ஒருமுறை கோழிக்கூடையில் வைக்க, கோழி அதன்மேல் அடைக்கு உட்கார்ந்துவிட்டது. ஒவ்வொரு தடவையும் தவமணிதான் இரண்டே நிமிஷத்தில் தேடி எடுத்துக் கொடுப்பாள். கண் தெரியாமல் அவர் தட்டிவிட்ட மோரையும் குழம்பையும் துடைப்பதும் அவள்தான்.

மாசிலாமணி பெண் கேட்டுப் போனான்.

"குடுக்கறதுல எனக்கு ஒண்ணும் இல்லப்பா" என்றார் கோட்டைச்சாமி. "அவ போயிட்டா என் கண்ணாடிய யாரு தேடுவா? தரைய யாரு துடைப்பா?"

"நான் வந்து தேடித் தர்றேன் மாமா."

"நீயா? போன வாரம் உன் மாட்டைக் காணோம்னு ஊரெல்லாம் அலைஞ்சியே!"

"அலைஞ்சது நெசம்தான் மாமா. ஆனா கயிறு என் கையிலதான் இருந்துச்சு."

"அதத்தான் நானும் சொல்றேன்."

கடைசியில் கோட்டைச்சாமி எழுந்து நின்று கிழக்கே பார்த்துச் சத்தியம் செய்தார். "தொலைஞ்ச சாமானையும் தேடணும், தரையையும் துடைக்கணும். அப்படி ஒரு கருவிய யாரு கண்டுபிடிச்சு, காப்புரிமைக்குச் சர்க்கார் சீல் வாங்குறாகளோ, அவுகளுக்குத்தான் என் பொண்ணு. இது குலசாமி மேல ஆணை. ஆனி பொறக்கறதுக்குள்ள முடியலேன்னா ரைஸ்மில்காரர் மகனுக்குப் பேசி முடிச்சிருவேன்."

ஆனி பிறக்க இருபத்தெட்டு நாள் இருந்தது. மாசிலாமணி கூட்டாளிகளிடம் ஓடினான்.

கூட்டாளிகள் மூன்று பேர். ஏகலிங்கம் எட்டாம் வகுப்பை நாலு வருஷம் படித்தவர். மற்றவர்கள் ஒரே வருஷத்தில் முடித்துவிட்டதால் ஊரிலேயே அதிகம் படித்தவர் அவர்தான், ஆகவே தலைவர். காத்தவராயன் தச்சன், அதாவது ஓர் உளி வைத்திருந்தான். சோணமுத்துவுக்குச் சந்தேகம் கேட்பது ஒன்றுதான் வேலை, அதைத் திறம்படச் செய்வான்.

"காப்புரிமைன்னா என்னண்ணே?" என்றான் சோணமுத்து.

ஏகலிங்கம் கண்ணை மூடி வெகுநேரம் யோசித்தார். "காப்பு கட்டிக்கிற உரிமை. அம்மன் திருவிழாவுக்கு மஞ்சக்கயிறு கட்டுறோமே, அது."

"அதுக்கு எதுக்குச் சர்க்கார்?"

"இது சர்க்கார் திருவிழா."

இதற்கு மேல் யார் என்ன கேட்க முடியும்? நாலு பேரும் குளித்து முழுகி, மஞ்சள் கயிற்றைக் கையில் கட்டிக்கொண்டார்கள். கட்டிய பிறகுதான் மாசிலாமணிக்கு ஞாபகம் வந்தது, காப்பு கட்டியவன் ஊர் எல்லையைத் தாண்டக் கூடாது. தபால் பெட்டியோ எல்லைக் கல்லுக்கு அந்தப் பக்கம் பாலத்தடியில் இருந்தது. சர்க்காருக்கு எழுதிய கடிதத்தை ஒரு கல்லில் கட்டி வைத்துக்கொண்டு, எல்லைக் கல்லுக்கு இந்தப் பக்கம் நின்று, குறி பழக முதலில் வெறுங்கல்லைப் பெட்டியைப் பார்த்து எறிந்தார்கள். பதினேழு தடவை எறிந்ததில் பெட்டியின் பூட்டு நசுங்கியது, தபால்காரரின் சைக்கிள் மணி பறந்தது. பதினெட்டாவது கல் தன் தலைக்கு வருவதற்குள் தபால்காரரே ஓடிவந்து கடிதத்தை வாங்கிக்கொண்டார்.

"எங்களுக்குக் காப்பு கட்டியாகிவிட்டது, எல்லை தாண்ட முடியாது, ஆகையால் தாங்களே வரவும்" என்று அதில் எழுதியிருந்தது. அதைப் படித்து யாரோ ஓர் அதிகாரிக்கு மனம் இளகியிருக்க வேண்டும், பத்தாம் நாள் பதில் வந்தது. ஏகலிங்கம் எழுத்துக் கூட்டிப் படித்தார்.

"வைகாசி கடைசித் தேதியன்று அந்தப் பக்கம் வருகிறேன், கருவியைப் பார்க்கிறேன். மூன்று விஷயங்களைக் கவனிக்கவும். ஒன்று, கருவி புதியதாக இருக்க வேண்டும், இதுவரை யாரும் பார்த்திருக்கக் கூடாது. இரண்டு, அது பயன்பட வேண்டும். மூன்று, அது வெளிப்படையாகத் தெரியக் கூடாது."

"யாரும் பார்த்திருக்கக் கூடாதுன்னா, நம்மளும்தானா?" என்றான் சோணமுத்து.

"நம்ம என்ன, யாருல சேர்த்தி இல்லையா?" என்றார் ஏகலிங்கம்.

அந்தப் பேச்சு நியாயமாக இருந்தது. நாலு பேரும் துண்டால் கண்ணை இறுக்கிக் கட்டிக்கொண்டு, காத்தவராயன் கொட்டகையில் வேலையை ஆரம்பித்தார்கள்.

திட்டம் என்னவோ நல்ல திட்டம்தான், வஞ்சனை இல்லாமல் சொல்ல வேண்டும். கண்ணாடிக்கூட்டில் ஓட்டை போட்ட ஒரு கோலமாவுப் பையைக் கட்டிவிடுவது. கண்ணாடி போகிற வழியெல்லாம் மாவு சிந்தித் தடம் போடும். குழந்தைகள் நடை பழகுகிற நடைவண்டி ஒன்றின் பின்னால் ஈரச் சாக்கைக் கட்டி, அந்தத் தடத்தின் மேலேயே உருட்டிக்கொண்டு போவது. தடம் முடிகிற இடத்தில் கண்ணாடி கிடைக்கும், தரையும் துடைத்ததாகிவிடும். இது முழுக்க மாசிலாமணிக்கு உதித்த யோசனை. ஆசை வந்தால் மனுஷனுக்கு மூளையும் கொஞ்சம் வரும் போலிருக்கிறது.

கண்ணைக் கட்டிக்கொண்டு ஆணி அடிப்பதுதான் சிரமமாக இருந்தது. முதல் ஆணி சோணமுத்துவின் வேட்டியை வண்டியோடு சேர்த்துப் பிடித்தது. இரண்டாவது அடி யாருடைய விரல்மேலோ விழுந்தது.

"யாரு விரல் அது?" என்றான் காத்தவராயன்.

"தெரியலையே, கண்ணு கட்டியிருக்கே" என்றான் சோணமுத்து.

"உனக்கு வலிக்குதா?"

"இல்ல. மாசிலாமணி, உனக்கு?"

"எனக்கும் இல்ல."

"ஆ... அப்படின்னா என்னோடதுதான்" என்றார் ஏகலிங்கம், கணக்குச் சரியான திருப்தியோடு. அதற்கப்புறம்தான் அலறினார்.

இருபத்தாறாம் நாள் வண்டி தயாரானது. பயன்படுகிறதா என்று பார்க்க வேண்டுமே? கோட்டைச்சாமி வீட்டுக்குக் கொண்டுபோனார்கள். அவருடைய கண்ணாடியைக் கழற்றி மாவுப் பை கட்டிய கூட்டில் போட்டதும், அவருக்குக் கண்ணைக் கட்ட வேண்டிய அவசியமே இல்லாமல் போயிற்று. ஒரு துண்டு மிச்சம்.

"எங்க வேணும்னாலும் கொண்டுபோய்த் தொலைங்க மாமா" என்றான் மாசிலாமணி மரியாதையாக.

கோட்டைச்சாமி கூட்டோடு கிளம்பினார். மாவு சிந்தத் தொடங்கியது. கண்ணைக் கட்டியிருந்தாலும் காலில் மாவு நெறுநெறுவென்றதும் மாசிலாமணிக்கு உற்சாகம் தாங்கவில்லை. அவர் காலடி எடுத்து வைத்த மறு நொடியே பின்னால் வண்டியை உருட்டித் துடைத்துவிட்டான். அவர் கூடத்தைச் சுற்ற, இவன் கூடத்தைத் துடைக்க, அவர் சமையற்கட்டுக்குப் போக, இவனும் போக, கடைசியில் வீடு பளபளவென்று ஆனது. கோட்டைச்சாமி கண்ணாடியை எங்கோ வைத்துவிட்டு வெறுங்கையோடு வாசலுக்கு வந்தார்.

மற்ற மூன்று பேரும் தரையைத் தடவிப் பார்த்தார்கள்.

"தடம் எங்கடா?"

"துடைச்சாச்சு" என்றான் மாசிலாமணி பெருமையாக.

"அப்ப கண்ணாடி எங்க?"

"அது தடத்துக்குத்தான் தெரியும்."

"தடத்தத்தான் துடைச்சிட்டியே!"

"தரைய அழுக்கா வெச்சா மாமா பொண்ணு குடுப்பாரா?"

பெரிய வாக்குவாதம் நடந்தது. தேடிவிட்டுத் துடைப்பதா, துடைத்துவிட்டுத் தேடுவதா? துடைக்காமல் தேடினால் பாதி வேலைதான் ஆகும் என்றான் காத்தவராயன். தேடாமல் துடைத்தாலும் பாதிதான் என்றான் சோணமுத்து. இரண்டு பாதி சேர்ந்தால் முழுசு என்று தீர்ப்புச் சொன்னார் ஏகலிங்கம். "தடம் போட்டதும் சரி, துடைச்சதும் சரி. வண்டி மேல ஒரு குத்தமும் இல்ல. கண்ணாடி காணாமப் போனது கண்ணாடியோட குத்தம்."

தவமணி வந்து, உறியில் தொங்கிய தயிர்ச் சட்டிக்குள்ளிருந்து கண்ணாடியை எடுத்துத் துடைத்து அப்பா மூக்கில் மாட்டினாள்.

இனி மூன்றாவது விஷயம், வெளிப்படையாகத் தெரியக் கூடாது. சட்டென்று யாருக்கும் தோன்றாத யோசனையாக இருக்க வேண்டும் என்றுதான் சர்க்கார் சொன்னது, இவர்கள் காதில் விழுந்தது வேறு. இருபத்தேழாம் நாள் மத்தியானம் வண்டியை ஒளித்து வைக்கப் போனார்கள். ஒளிக்கிற இடத்தை யாரும் பார்த்துவிடக் கூடாதென்று மறுபடி கண்ணைக் கட்டிக்கொண்டு போனார்கள். ஒளித்து வைத்தார்கள். திரும்பி வந்து கட்டை அவிழ்த்துப் பார்த்தார்கள். சொன்னபடியே, வண்டி வெளிப்படையாக எங்கும் தெரியவில்லை. ஒருவரை ஒருவர் கட்டிப் பிடித்துக்கொண்டார்கள்.

மறுநாள் காலையில் அதிகாரி அம்மாள் ஜீப்பில் வந்து இறங்கினார். ஊரே கோட்டைச்சாமி வீட்டில் கூடியிருந்தது. விடிந்தால் ஆனி ஒன்று. ரைஸ்மில்காரர் மகன் வெற்றிலைத் தட்டோடு தெருமுனையில் தயாராக நின்றான்.

"கருவி எங்கே?" என்றார் அதிகாரி.

"தெரியாதுங்கம்மா!" என்றார்கள் நாலு பேரும் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு.

"தெரியாதா?"

"கொஞ்சம்கூடத் தெரியாது."

"அப்ப நான் கிளம்பறேன். அடுத்த தடவை இந்தப் பக்கம் வர ஒரு வருஷமாகும்."

அப்போதுதான் மாசிலாமணிக்கு மூளை வந்து சேர்ந்தது. வைக்கோற்போரைக் கலைத்தான், கிணற்றுக்குள் எட்டிக் கூப்பிட்டுப் பார்த்தான், ஓரக்கண்ணால் வெற்றிலைத் தட்டைப் பார்த்து விம்மினான். பெரிய ஆம்பிளை தெருவில் நின்று அழுதால் பார்க்கிறவர்களுக்கும் அழுகை வரத்தானே செய்யும். ஜீப் டிரைவர்கூட மூக்கை உறிஞ்சினார்.

தவமணி முந்தானையை இழுத்துச் செருகினாள். "நாலு பேரும் கண்ணைக் கட்டிக்கிட்டுத் தள்ளுனா வண்டி மேட்டுலயா ஏறும்? இறக்கத்துலதான் போகும்" என்று சொல்லிக்கொண்டே நடந்தாள். இறக்கம் முடிகிற இடம் கண்மாய்த் துறை. அங்கே துவைக்கிற கல்லுக்குப் பின்னால் வண்டி கிடந்தது. இடுப்பில் தூக்கிக்கொண்டு வந்து அதிகாரியின் முன்னால் வைத்தாள்.

அதிகாரிக்குச் சிரிப்பை அடக்க உதட்டைக் கடிக்க வேண்டியிருந்தது. ஆனாலும் வண்டியைச் சுற்றிப் பார்த்தார், உருட்டிப் பார்த்தார், விண்ணப்பத்தை எடுத்தார். "சரி. இதைக் கண்டுபிடித்தது யார்?"

நாலு பேருக்கும் பொய் சொல்லத் தெரியாதே. நாலு விரலும் ஒரே பக்கம் நீண்டன. "தவமணி! இப்பத்தான் கண்டுபிடிச்சா. நீங்களும்தான பார்த்தீக!"

அதிகாரி தவமணியைப் பார்த்தார், நாலு பேரையும் பார்த்தார், மறுபடி தவமணியைப் பார்த்தார். என்ன நினைத்தாரோ, "கண்டுபிடித்தவர்: தவமணி" என்று எழுதி, விண்ணப்பம் பெற்றுக்கொண்ட சீட்டில் சீலைக் குத்திக் கொடுத்துவிட்டு ஜீப்பில் ஏறினார். ஜீப் பாலம் தாண்டுகிற வரைக்கும் சிரிப்புச் சத்தம் கேட்டது.

கோட்டைச்சாமி சீட்டை மூக்கில் ஒட்டுகிற மாதிரி வைத்துப் படித்தார். அவர் முகம் விழுந்துவிட்டது.

"சத்தியம் சத்தியம்தான். கண்டுபிடிச்சவுகளுக்குத்தான் என் பொண்ணுன்னு சொன்னேன். கண்டுபிடிச்சது தவமணி. அதனால தவமணியத் தவமணிக்குத்தான் கட்டிக் குடுக்கணும்."

கூட்டம் 'உச்' கொட்டியது. மாசிலாமணி அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டான்.

"சாதகம் பொருந்துமா?" என்றான் சோணமுத்து.

"ஒரே நட்சத்திரம்" என்றார் ஏகலிங்கம் கவலையோடு. "பொண்ணுக்கு வயசு எப்படியோ, அதே வயசுதான் மாப்பிள்ளைக்கும்."

தவமணி எல்லோரையும் ஒரு பார்வை பார்த்தாள். "அப்பா, என்னை எனக்கே குடுத்துட்டீகளா?"

"குடுத்துட்டேன் தாயி. ஆணைய மீற முடியுமா?"

"அப்ப நான் எனக்குச் சொந்தம். என்னை நான் மாசிலாமணிக்குக் குடுக்குறேன்."

ஏகலிங்கம் விரல் விட்டு மூன்று முறை எண்ணிப் பார்த்தார். எந்தப் பக்கம் எண்ணினாலும் சரியாக வந்தது. ரைஸ்மில்காரர் மகன் தட்டிலிருந்த வெற்றிலையை அவனே போட்டுக்கொண்டு போய்விட்டான்.

ஆனியிலேயே கல்யாணம் நடந்தது. பெண்ணை அனுப்பி வைக்கிற நேரத்தில் கோட்டைச்சாமி வாசற்படியில் நின்று, கண்ணாடியைக் கழற்றிவிட்டுக் குமுறிக் குமுறி அழுதார். அழுதுகொண்டே யோசித்திருக்கிறார், பாருங்கள். திடீரென்று முகம் மலர்ந்தது.

"மாப்ளே, நான் குடுத்தது ஒரு தவமணி, வாங்கிக்கிட்டது ஒரு தவமணி. ஆக மொத்தம் ரெண்டு. அதுல ஒண்ணை நீங்க கூட்டிக்கிட்டுப் போங்க. இன்னொண்ணு எனக்குத் துணையா வீட்டுல இருக்கட்டும்."

மாசிலாமணிக்கு அது நியாயமாகப் பட்டது. தன் பங்குக்கு ஒன்று கிடைத்தால் போதாதா? "அப்படியே ஆகட்டும் மாமா" என்று காலில் விழுந்து கும்பிட்டு, தவமணியின் கையைப் பிடித்துக்கொண்டு தெருவில் இறங்கினான். கோட்டைச்சாமி உள்ளே போய்க் கதவைச் சாத்தினார்.

பத்தடி போவதற்குள் உள்ளேயிருந்து குரல் வந்தது. "தவமணி! என் கண்ணாடி எங்கம்மா?"

தவமணி தெருவில் நின்றபடியே திரும்பிக் குரல் கொடுத்தாள். "இடது கையில வெச்சிருக்கீகப்பா!"

"இருக்கு தாயி, இருக்கு!" என்று உள்ளேயிருந்து சந்தோஷமாகக் கேட்டது.

மாசிலாமணி வாயைப் பிளந்துகொண்டு கதவைப் பார்த்தான், பக்கத்தில் நின்றவளைப் பார்த்தான்.

"ஏ தவமணி, உள்ள இருக்கவளுக்கும் அப்படியே உன் குரல்தான்!"