தயாளன் எப்படிப் பேசுவான்?

"சாமி, என் பழைய காதலன் தயாளன் திரும்பி வந்துட்டான்" என்றாள் சௌந்தரி.

"வாசல்லயா நிக்கிறான்?" சாமியார் கழுத்தை நீட்டிப் பார்த்தார்.

"போன்ல. ஞாயித்துக்கிழமை தனியா சந்திக்கலாம்னு கேக்குறான்."

சாமியார் முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். அவருக்கும் அவள் வயதுதான். மடத்துக்கு யார் வந்து போனாலும் அந்தக் குரல் அவர் தொண்டையில் தங்கிவிடும். போன வாரம் தாசில்தார் குரலில் பூனையை விரட்டினார். பூனை எழுந்து நின்றது.

"என்ன எழுதுறான்?"

"'மழை வரும்போதெல்லாம் உன் ஞாபகம் வருது'ன்னு."

"வீட்டுக்காரர் என்ன பேசுவார்?"

"அவரா? தொண்டையைச் செருமிட்டு, 'சௌந்தி, மோட்டார் போட்டியா'ம்பார். தங்கமான மனுஷன், சாமி. போனா குடும்பம் என்னாகுமோ. போகாம இருக்கவும் முடியல. பத்து நாளா தூக்கமே இல்ல."

"சரி, தயாளன் மாதிரி பேசிக் காட்டு."

"எனக்கு வராது."

"நான் தினம் அடுத்தவங்க குரல்ல பேசுறேன், எனக்கு வெக்கமா இருக்கா? பேசு. மழை வரும்போதெல்லாம்..."

சௌந்தரி கண்ணை மூடினாள். கல்லூரி வாசல் வந்தது. நீலச் சட்டை வந்தது. சுருட்டை முடி வந்தது. தயாளன் வாயைத் திறந்தான், மூடினான். சத்தம் மட்டும் வரவில்லை.

எப்படித்தான் பேசுவான்? கொஞ்சம் கனத்த குரல்தானே?

குரலைக் கனமாக்கிக்கொண்டாள்.

"க்கும். சௌந்தி, மழை வரும்போதெல்லாம்... மாடியில துணி கிடக்கான்னு பாக்க மாட்டியா?"

கீரைக்காம்பு சாமியார் கையிலேயே நின்றது.

"தயாளனா இது?"

சௌந்தரி வாயைப் பொத்திக்கொண்டாள். "இல்ல சாமி. எங்க வீட்டுக்காரர்."

"இன்னொரு தரம்."

"க்கும்" என்றவள் அதற்கு மேல் போக முடியாமல் சிரித்தாள். முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தாள். நெஞ்சில் பத்து நாளாக உட்கார்ந்திருந்த பாறையைக் காணோம்.

மடத்துக் கூரையில் பட்பட்டென்று தூறல் விழுந்தது.

சௌந்தரி போனை எடுத்தாள். ஏதோ தட்டினாள். பைக்குள் போட்டுக்கொண்டு எழுந்தாள்.

"என்ன எழுதினே?"

"வரலன்னு."

"அதுக்கு ஏன் இந்த ஓட்டம்? மழை விடட்டும், கீரைப் பொரியல் சாப்பிட்டுப் போ."

அவள் அதற்குள் வாசலில் செருப்பைத் தேடிக்கொண்டிருந்தாள்.

"மாடியில துணி கிடக்கு, சாமி."