மூன்று மணிக்கு வர வேண்டியவர்கள்

மலையேற்றக் குழுவின் பயிற்சிப் பட்டியலில் பதினோராவது பெயர் குணபாலன். மற்றப் பத்துப் பேரும் இருபது வயதைத் தாண்டாதவர்கள். அவருக்கு நாற்பத்தெட்டு. அதே கல்லூரியில் வேதியியல் துறைத் தலைவர்.

குழு மாணவர்களுடையது. விதிகளும் அவர்கள் போட்டவைதான். முதலுதவி, கயிறு, வரைபடமும் திசைகாட்டியும் என்று மூன்று பயிற்சிகள். மூன்றையும் முடிக்காத யாரும் மலையில் ஆட்களை அழைத்துப் போகக் கூடாது. அந்த வருடம் குழுவின் பொறுப்பாசிரியராக நியமிக்கப்பட்ட குணபாலன் இந்த விதியைப் படித்துவிட்டு, "எனக்குமா?" என்று கேட்டார்.

"எல்லாருக்கும்தான் சார்" என்றாள் இசக்கியம்மாள்.

அவள் நிலவியல் இறுதியாண்டு. வரைபடப் பயிற்சியை நடத்துபவள். அதிகம் பேசமாட்டாள். கேட்ட கேள்விக்குப் பதில் சொல்வதைவிட ஏதாவது செய்து காட்டுவதுதான் அவள் வழக்கம்.

சனிக்கிழமைதோறும் விளையாட்டு மைதானத்துக்குப் பின்னால் வகுப்பு. குணபாலன் ஒரு தடவைகூடத் தாமதமாக வரவில்லை. தரையில் மாணவர்களோடு உட்கார்ந்து குறிப்பெடுத்துக்கொண்டார்.

"என் ஊசி மட்டும் ஏன் தப்பாக் காட்டுது?" என்று ஒரு நாள் கேட்டார்.

இசக்கி அவருடைய சட்டைப் பையிலிருந்து சாவிக்கொத்தை எடுத்துத் தூர வைத்தாள். ஊசி மெல்லத் திரும்பி வடக்கில் நின்றது. அவர் சிரித்துவிட்டு அதையும் எழுதிக்கொண்டார்.

கடைசி வகுப்பில், "வழி தவறிட்டா என்ன பண்ணணும்?" என்று கேட்டார்.

"நிக்கணும் சார்."

"அப்புறம்?"

"கூட வர்றவங்ககிட்ட, வழி தெரியலைன்னு சொல்லணும்."

"இவ்வளவுதானா? சுலபம்தானே."

இசக்கி வரைபடங்களை மடித்து அடுக்கினாள்.

எழுத்துத் தேர்வில் குணபாலனுக்குத்தான் முதல் மதிப்பெண்.

மீதி இருந்தது மலைத் தேர்வு. ஆனைமுதுகு என்ற மலையின் அடிவாரத்தில், தேயிலைத் தோட்டத்தின் பழைய கொட்டகை ஒன்றில் தங்கினார்கள். தேர்வு எளிமையானது. ஆறு பேர் கொண்ட அணி. தலைவர் ஒருவர். காலை பத்து மணிக்குக் கிளம்பிப் புல்மேட்டில் ஏறி, மறுபக்கம் இறங்கித் தடுப்பணையைத் தொட்டுவிட்டு, மூன்று மணிக்குள் திரும்ப வேண்டும். செல்பேசி அங்கே எடுக்காது.

முதல் அணியின் தலைவர் குணபாலன். அவரோடு ஐந்து மாணவர்கள். அதில் மூன்று பேர் அவருடைய துறை.

பன்னிரண்டரைக்குப் பனிமூட்டம் இறங்கியது. பத்தடிக்கு அப்பால் புல்லும் தெரியவில்லை, ஆளும் தெரியவில்லை. கூடவே தூறல்.

"பயப்படாதீங்க. திசைகாட்டி இருக்கு. ஒருத்தர் பின்னால ஒருத்தர் வாங்க" என்றார் குணபாலன்.

ஒரு மணிக்குத் தடுப்பணை வந்திருக்க வேண்டும். வரவில்லை. கொஞ்சம் மெதுவாக நடந்திருப்போம் என்று நினைத்துக்கொண்டார். ஒன்றரைக்கும் வரவில்லை. ஒரு பாறையைக் காட்டி, "இது வரைபடத்துல இருக்கு. இன்னும் பத்தே நிமிஷம்" என்றார். வரைபடத்தில் எந்தப் பாறையும் இல்லை. அது அவருக்கே தெரிந்தது. தெரிந்த பிறகு திசைகாட்டியைக்கூடப் பார்க்காமல் இன்னும் வேகமாக நடந்தார்.

யாரும் எதுவும் கேட்கவில்லை. பின்னால் காலடிச் சத்தம் மட்டும் வந்துகொண்டிருந்தது. அந்தச் சத்தம்தான் அவரை நிற்க விடாமல் தள்ளியது. நின்றால் திரும்ப வேண்டும். திரும்பினால் ஐந்து முகங்களைப் பார்க்க வேண்டும். இருபத்திரண்டு வருடமாக வகுப்பறையில் கரும்பலகைக்கு முன்னால் நின்று, தெரியாது என்று சொன்னதாக அவருக்கு ஒரு நாள்கூட நினைவில்லை.

இரண்டரை மணி இருக்கும். பின்னால் யாரோ விழுந்தார்கள்.

ஜமீலா. அடி எதுவும் படவில்லை. ஆனால் எழுந்து நின்றபோது அவள் பற்கள் குளிரில் கிடுகிடுத்தன. உதடு வெளுத்திருந்தது. துப்பட்டா, ஸ்வெட்டர் எல்லாம் ஊறிப்போயிருந்தன.

"ஒண்ணும் இல்ல சார். நடக்கலாம்" என்றாள்.

குணபாலன் தன் மழைக்கோட்டைக் கழற்றி அவளுக்குப் போர்த்தினார். பிறகு கையிலிருந்த வரைபடத்தைப் பார்த்தார். அது நனைந்து மடிப்பில் கிழிந்திருந்தது. வாயைத் திறந்தார், மூடினார், மறுபடியும் திறந்தார்.

"எனக்கு வழி தெரியல" என்றார். "ஒரு மணியிலிருந்தே தெரியல."

அவர் எதிர்பார்த்தது நடக்கவில்லை. ஒருவரும் முகம் சுளிக்கவில்லை. ஜமீலா ஒரு பெருமூச்சு விட்டு அப்படியே புல்லில் உட்கார்ந்தாள். பால்ராசு என்ற மாணவன் தோள்பையை இறக்கி வைத்தான்.

"நாம ஒரு மணி நேரமா ஏறிட்டே இருக்கோம் சார். தடுப்பணைக்கு இறங்கணும்" என்றான்.

"உனக்குத் தெரிஞ்சுதா?"

"எல்லாருக்கும் தெரிஞ்சுது சார்."

"ஏன் அப்பவே சொல்லல?"

பால்ராசு தலையைக் குனிந்துகொண்டான். ஜமீலாதான் சொன்னாள்: "நீங்க அவ்வளவு உறுதியா நடந்தீங்க சார். எங்களுக்கு எங்க மேலயே சந்தேகம் வந்துடுச்சு."

குணபாலனும் உட்கார்ந்தார். ஆறு பேரும் ஒட்டி உட்கார்ந்து வட்டமானார்கள். யாரோ கடலை மிட்டாய் பொட்டலம் ஒன்றைப் பிரித்தார்கள். முதல் துண்டு ஜமீலாவுக்குப் போனது.

"சரி. ஒவ்வொருத்தரும் பார்த்ததைச் சொல்லுங்க" என்றார் அவர். "சின்ன விஷயமா இருந்தாலும் சொல்லுங்க."

சொன்னார்கள். ஒருவன் முகத்தில் அடித்த காற்று நடுவில் முதுகுப் பக்கம் மாறியதாகச் சொன்னான். இன்னொருத்தி ஓடைச் சத்தம் வலது பக்கம் கேட்டு நின்றுபோனதாகச் சொன்னாள். வரிசையில் கடைசியாக வந்த ஜோதிமுத்து ரொம்பத் தயங்கினான்.

"கால் மணி நேரம் முன்னாடி ஒரு கம்பிவேலியத் தாண்டினோம் சார். துருப்பிடிச்சுத் தரையில சாஞ்சு கிடந்துச்சு. என் பேன்ட் மாட்டிக் கிழிஞ்சிடுச்சு."

"கம்பிவேலியா?"

கிழிந்த வரைபடத்தை ஆறு பேரும் குனிந்து பார்த்தார்கள். அந்த மலையில் வேலி ஒன்றே ஒன்றுதான். தேயிலைத் தோட்டத்தின் பழைய எல்லை. மேற்குச் சரிவில் நேராக இறங்கித் தோட்டத்து ரோட்டில் முடிந்தது.

பால்ராசு அதன்மேல் விரலை வைத்தான். எல்லோருடைய முகமும் கொஞ்சம் கொஞ்சமாக இளகியது.

இந்த முறை ஜோதிமுத்து முன்னால் நடந்தான். குணபாலன் கடைசியில், ஜமீலாவின் கையைப் பிடித்துக்கொண்டு வந்தார். அரை மணி நேரம் தேடிய பிறகு வேலி கிடைத்தது. ஜமீலா குனிந்து அந்தத் துருப்பிடித்த கம்பியைத் தொட்டுப் பார்த்துவிட்டுச் சிரித்தாள். பிறகு எல்லோரும் சிரித்தார்கள். எதற்கென்று தெரியாமல் குணபாலனும் வெகுநேரம் சிரித்துக்கொண்டிருந்தார். நெஞ்சிலிருந்து பெரிய பாரம் ஒன்று இறங்கியதுபோல் இருந்தது. வேலியை விடாமல் இறங்கினார்கள். நடந்து உடம்பு சூடேற ஜமீலாவின் நடுக்கம் குறைந்தது. பனிமூட்டம் மேலேயே நின்றுவிட, கீழே தேயிலைச் செடிகள் பச்சையாகத் தெரிந்தன.

ரோட்டுக்கு வந்தபோது மணி ஐந்து.

ரோட்டில் ஒரு ஜீப் நின்றது. வனத்துறை வாட்சர்கள் இரண்டு பேர், தோட்டத்துத் தொழிலாளிகள் பத்துப் பன்னிரண்டு பேர், இன்னொரு அணி மாணவர்கள், எல்லோரும் நனைந்து, கயிறும் டார்ச்சும் கம்பளியுமாக மலையேறத் தயாராக இருந்தார்கள். ஏற்கெனவே நான்கு பேர் தடுப்பணைப் பக்கம் போய்விட்டதாகவும், அவர்களைத் திரும்பக் கூப்பிட ஆள் அனுப்ப வேண்டும் என்றும் ஒரு வாட்சர் சலிப்போடு சொல்லிக்கொண்டிருந்தார்.

இசக்கி ஓடிவந்தாள். ஒவ்வொருவராக விரல் நீட்டி எண்ணினாள். ஆறு வந்ததும் மறுபடி ஒரு முறை எண்ணினாள். பிறகு ஈர ரோட்டிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

ஒரு தொழிலாளி அம்மாள் ஜமீலாவைக் கம்பளியில் சுற்றி ஜீப்புக்குள் ஏற்றினாள். யாரோ தூக்குவாளியிலிருந்து தேநீர் ஊற்றினார்கள். குணபாலன் டம்ளரை வாங்கிக்கொண்டு இசக்கியின் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். அத்தனை பேரும் தன்னைப் பார்ப்பதாக அவருக்குத் தோன்றியது.

"இவங்களை எல்லாம் எப்போ கூப்பிட்ட?"

"மூணு மணிக்கு நீங்க வரணும் சார். மூணு அஞ்சுக்கு ஆள் அனுப்பிட்டேன்."

"அஞ்சே நிமிஷத்துலயா?"

"அஞ்சு நிமிஷம் பயந்துட்டு நின்னேன் சார். அப்புறம் அனுப்பினேன்."

குணபாலன் தேநீரைக் குடிக்காமல் கையில் வைத்துக்கொண்டிருந்தார். வாட்சர் இன்னும் முணுமுணுத்துக்கொண்டிருந்தார். தொழிலாளிகள் கயிற்றைச் சுருட்ட ஆரம்பித்தார்கள்.

"கொஞ்சம் பொறுத்திருக்கலாமே இசக்கி. கடைசியில நாங்களாவே வந்துட்டோம். வேலை முடிஞ்சு வீட்டுக்குப் போற நேரத்துல இத்தனை பேரை மழையில நிக்க வச்சாச்சு. எல்லாம் வீண். இப்ப அவங்க முகத்துல முழிக்க உனக்கு வெட்கமா இல்லையா?"

இசக்கி முகத்தைத் துடைத்துக்கொண்டாள். ஜீப்புக்குள் ஜமீலா ஏதோ சொல்ல, பால்ராசு சிரிப்பது கேட்டது. அவள் அந்தப் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"வெட்கமாத்தான் இருக்கு சார்" என்றாள். "இந்த வெட்கம் எவ்வளவு நல்லா இருக்கு தெரியுமா."