ஒரு வண்டிப் பட்டையும் ஒரு சொட்டுத் தைலமும்

முன்னொரு காலத்தில் ஒரு ராஜா இருந்தார் என்றுதான் எல்லோரும் தொடங்குவார்கள். நானும் அப்படியே தொடங்குகிறேன். ஆனால் அந்த ராஜாவுக்குப் பதினெட்டு வருஷமாகப் பிள்ளை இல்லை என்பதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். இல்லாவிட்டால் அந்த மனுஷன் செய்த கூத்தெல்லாம் உங்களுக்கு விளங்காது.

கீர்த்திவாகனர் என்று பெயர். பதினெட்டாம் வருஷம் அவருக்கு ஓர் ஆண் குழந்தை பிறந்தது. அன்றிலிருந்து அவருக்கு நிம்மதி போயிற்று. குழந்தை தும்மினால் வைத்தியரைக் கூப்பிடுவார். தும்மாவிட்டால், ஏன் தும்மவில்லை என்று கேட்கக் கூப்பிடுவார். அரண்மனையில் இருந்தவர்கள் எல்லோரும் நுனிக்காலில் நடந்தார்கள்.

நாற்பதாம் நாள் குழந்தையின் தலையில் எண்ணெய் வைத்துக் குளிப்பாட்டும் சடங்கு. அதற்கு இரண்டு நாள் இருக்கும்போது வாசனைப் பண்டாரத்து அதிகாரி இலிங்கராயர் சபைக்கு ஒரு சீசாவோடு வந்தார். சந்தனம், புனுகு, ஜவ்வாது எல்லாம் இவர் பொறுப்பு. இவர் எதைக் கொண்டுவந்தாலும் ராஜா ஒருமுறை மோந்து பார்த்துவிட்டுத் தும்முவார். சபை விகடகவி பூவாண்டி வாயைத் திறந்தாலோ விழுந்து விழுந்து சிரிப்பார். இலிங்கராயருக்கு வயிறு எரியாமல் என்ன செய்யும்?

"மகாராஜா, இது கருவாப்பட்டைத் தைலம். கப்பல் வணிகனிடம் வாங்கினேன். ஒரு வண்டிப் பட்டையை வாலைப் பானையில் இட்டுக் காய்ச்சி வடித்தால் இந்த ஒரு சீசாதான் கிடைக்குமாம்" என்றார் இலிங்கராயர்.

"ஒரு வண்டியா!" ராஜாவின் கண் விரிந்தது. "எந்த ராஜகுமாரனுக்கும் கிடைக்காத எண்ணெய். இதையே உள்ளங்கை நிறைய எடுத்து என் பிள்ளையின் உச்சியில் வைக்கட்டும்."

தப்பு அங்கேதான் நடந்தது. நாம் எண்ணெயைக் கை நிறைய ஊற்றித் தேய்த்தே பழகியவர்கள். எண்ணெய் என்றால் நமக்கு நல்லெண்ணெய். சீசா ஏன் இவ்வளவு சின்னதாக இருக்கிறது என்று ராஜாவும் யோசிக்கவில்லை, அதிகாரியும் யோசிக்கவில்லை. சொல்லக்கூடிய வணிகனோ கப்பலில் பாய் விரித்துப் போய்விட்டான்.

"ஒரு சிறு விண்ணப்பம்" என்று இலிங்கராயர் பூவாண்டியைக் கடைக்கண்ணால் பார்த்தார். "குளிப்பாட்டுகிறவள் பாதிக்குப் பாதி நல்லெண்ணெய் கலந்துவிட்டு மிச்சத்தை வீட்டுக்குக் கொண்டுபோகாமல் பார்த்துக்கொள்ள வேண்டும்."

குளிப்பாட்டுகிறவள் யார்? பூவாண்டியின் மனைவி காத்தாயி. ஊரில் பாதிப் பிள்ளைகள் அவள் காலில் கிடந்து குளித்தவர்கள்தான்.

ராஜாவின் முகம் சிவந்தது. கலப்படம் என்றாலே அவருக்கு ஆகாது. போன வருஷம் செக்குக்காரர்கள் நல்லெண்ணெயில் இலுப்பை எண்ணெயை ஊற்றி விற்றபோது அவரே ஒரு சட்டம் போட்டிருந்தார். விலை கூடிய எண்ணெயில் விலை குறைந்த எண்ணெயை ஊற்றுகிற கை, மணிக்கட்டோடு போகும். "சட்டம் எல்லோருக்கும் தெரியும். குளிப்பாட்டுகிறவளுக்கும் சேர்த்துத்தான்" என்றார் ராஜா.

மறுநாள் விளக்கு வைக்கிற நேரத்தில் காத்தாயி அரண்மனையிலிருந்து வீட்டுக்கு வந்தாள். முந்தானையில் சுற்றி வைத்திருந்த விரலை நீட்டினாள். சிவந்து வீங்கியிருந்தது.

"ஏங்க, இதப் பாருங்க. நாளைக்கு ஊத்தப்போற எண்ணெயாச்சேன்னு மூடியத் தொறந்து பாத்தேன். ஒரே ஒரு சொட்டு வெரல்ல வழிஞ்சுது. மொளகாய அரைச்சுப் பூசின மாதிரி எரிஞ்சுபோச்சு. தண்ணியில கழுவுனேன், இன்னும் எரியுது. நல்லெண்ணெய விட்டுத் தொடச்ச பெறகுதான் கொஞ்சம் அடங்குச்சு."

"அடக் கடவுளே" என்று பூவாண்டி விரலைப் பிடித்துப் பார்த்தான்.

"காய்ப்புக் காச்ச என் கையே இந்தப் பாடு படுது. நாப்பது நாள் புள்ளங்க அது. உச்சிக்குழி இன்னும் மூடல." அவள் விரலை மறுபடியும் முந்தானையில் சுற்றிக்கொண்டாள். "ஊத்துனா புள்ள வெந்துபோவும். கலந்தா என் கை போவும். மாட்டேன்னா ராசத்துரோகம்பாங்க. நான் என்னங்க செய்யட்டும்?"

பூவாண்டி இலையில் போட்ட சோற்றை அப்படியே வைத்துவிட்டு அரண்மனைக்கு ஓடினான்.

"மகாராஜா, அந்தத் தைலம் தோலைச் சுடும்" என்று ஆரம்பித்தான். அவ்வளவுதான். ராஜா காதைப் பொத்திக்கொண்டார்.

"பிள்ளையின் முதல் எண்ணெய்க் குளியலுக்கு முன்னால் அபசகுனமாகச் சுடும், வேகும் என்கிறாயே! வாயை மூடு!"

"பொறாமை, மகாராஜா. நான் கொண்டுவந்த பொருளாயிற்றே" என்றார் பக்கத்திலிருந்த இலிங்கராயர், மெல்லிய குரலில்.

"காலையில் நீயும் வா, பூவாண்டி. சீசாவை நீயே பிடித்துக்கொண்டு நில்" என்றார் ராஜா. "அந்த எண்ணெயைப் பற்றி இன்னும் ஒரு கெட்ட வார்த்தை உன் வாயிலிருந்து வந்தால் நாடு கடத்திவிடுவேன்."

திரும்பும் வழியில் மடைப்பள்ளி. ராஜாவின் சாப்பாடு போகிற நேரம். சமையற்காரர் ஒவ்வொரு பாத்திரத்திலிருந்தும் ஒரு வாய் எடுத்துத் தின்றுவிட்டு, கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். தனக்கு ஒன்றும் ஆகவில்லை என்று தெரிந்த பிறகுதான் பாத்திரம் உள்ளே போகும். பூவாண்டி அதைப் பார்த்துக்கொண்டே நின்றான்.

"என்னய்யா, என் வாயையே பாக்குறே? பசிச்சா கேளு" என்று சமையற்காரர் எரிந்து விழுந்தார்.

"பசி இல்லீங்க. பாத்தது போதும்" என்று பூவாண்டி வீட்டைப் பார்த்து நடந்தான்.

பொழுது விடிந்தது. குளியலறையில் வெந்நீர் ஆவி பறந்தது. காத்தாயி மணையில் உட்கார்ந்து இரண்டு காலையும் நீட்டியிருந்தாள். காலின் மேல் குழந்தை. கால் நடுங்கியதில் குழந்தையும் லேசாக ஆடியது. தாலாட்டு என்று நினைத்து அது கொட்டாவி விட்டது. ஒரு பக்கம் ராஜாவும் மகாராணியும், மறுபக்கம் பட்டுச் சால்வையோடு இலிங்கராயர். சீசாவோடு பூவாண்டி.

"மகாராஜா, இந்தத் தைலத்தைப் பற்றி நல்ல வார்த்தை சொல்லலாமா?" என்று கேட்டான் பூவாண்டி.

"தாராளமாகச் சொல்."

"தங்கள் இலைக்கு வரும் சோறு முதலில் யார் வாயில் போகிறது?"

"சமைத்துக் கொண்டுவருகிறவன் வாயில்."

"வெறும் சோற்றுக்கே அந்த மரியாதை. ஒரு வண்டிப் பட்டையில் பிறந்த தைலத்துக்கு முதல் மரியாதை செய்யாமல் இளவரசருக்கு வைக்கலாமா? கொண்டுவந்தவர் இலிங்கராயர். முதல் சொட்டு அவருக்கே சேர வேண்டும்."

ராஜாவுக்குப் பிடித்துப்போயிற்று. இலிங்கராயருக்கோ தலைகால் புரியவில்லை. அவர் அந்தத் தைலத்தை மோந்து பார்த்ததோடு சரி, தொட்டதில்லை. தலைப்பாகையைக் கழற்றிக் குனிந்தே விட்டார்.

பூவாண்டிக்கு என்னதான் கோபம் இருந்தாலும் மனசு கேட்கவில்லை. "தலை வேண்டாம் ஐயா. முழங்கையின் உள்மடிப்பைக் காட்டுங்கள். நம் உடம்பில் குழந்தைத் தோல் போல மெல்லிய இடம் அதுதான். ஒரே சொட்டு. வைத்துவிட்டுக் கொஞ்சம் பொறுப்போம்" என்றான்.

சொட்டு விழுந்தது. எல்லோரும் காத்திருந்தார்கள். இலிங்கராயர் சிரித்துக்கொண்டிருந்தார். கொஞ்ச நேரம் கழித்தும் சிரிப்பு அப்படியே இருந்தது. நெற்றியில் மட்டும் வியர்வை முத்து முத்தாக வந்தது. சால்வையை இழுத்துக் கையை மூடிக்கொண்டார்.

"எப்படி இருக்கிறது, இலிங்கராயரே?" என்றார் ராஜா.

"கு... குளுகுளு என்று இருக்கிறது, மகாராஜா."

பூவாண்டி சால்வை மூடிய கையைப் பார்த்தான். இந்த மனுஷன் கை வெந்தாலும் வாயைத் திறக்கமாட்டார் போலிருக்கிறதே!

"பிறகென்ன? காத்தாயி, ஆகட்டும்" என்றார் ராஜா.

காத்தாயி உள்ளங்கையைக் குழித்து நீட்டினாள். புருஷன் முகத்தைப் பார்த்தாள். பூவாண்டி சீசாவைச் சாய்க்கவில்லை. ராஜா பக்கம் திரும்பினான்.

"ஒரு சொட்டே குளுகுளு என்றால் உள்ளங்கை நிறைய வைத்தால் எப்படி இருக்கும்! மகாராஜா, சமையற்காரர் ஒரு பருக்கையா தின்கிறார், ஒரு வாய் தின்கிறார். இளவரசருக்கு எவ்வளவோ அவ்வளவு இவருக்கும் உச்சியில் வைத்துவிடுவோம்." சொல்லிக்கொண்டே போய் இலிங்கராயரின் வழுக்கைத் தலைக்கு மேலே சீசாவைச் சாய்க்கப் போனான்.

"ஐயோ வேணாம்! எரியுதுடா! சாமி, எரியுதே!" இலிங்கராயர் துள்ளிக் குதித்தார். சபைத் தமிழெல்லாம் பறந்துவிட்டது. சால்வை விழுந்தது. முழங்கை மடிப்பில் உள்ளங்கை அகலத்துக்கு ரத்தச் சிவப்பாக வீங்கியிருந்தது.

வேலைக்காரர்கள் தண்ணீரை மொண்டு ஊற்றினார்கள். அவர் இன்னும் உரக்கக் கத்தினார். காத்தாயி குழந்தையை மகாராணியின் கையில் கொடுத்துவிட்டு ஓடினாள். துணியை நல்லெண்ணெயில் நனைத்து அந்த இடத்தைத் துடைத்தாள். திரும்பத் திரும்பத் துடைத்தாள். அவர் கத்தல் முனகலாக இறங்கியது.

ராஜா அந்தக் கையைப் பார்த்தார், பிறகு குழந்தையின் உச்சியைப் பார்த்தார். ஈரத் தரையிலேயே உட்கார்ந்துவிட்டார். "இதையா... இதையா நான் என் பிள்ளை தலையில் ஊற்றச் சொன்னேன்?" அவர் கண்ணில் நீர் வழிந்தது.

முதலில் வாய் திறந்தது இலிங்கராயர்தான். வலி குறைந்ததும் மனுஷனுக்குப் பழைய புத்தி வந்துவிட்டது. "மகாராஜா, சட்டம்! என் கையில் இருந்தது விலை கூடிய தைலம். இவள் அதில் நல்லெண்ணெயை ஊற்றினாள். கலப்படம்! மணிக்கட்டோடு..."

காத்தாயி கையை முந்தானைக்குள் மறைத்துக்கொண்டாள். ராஜா திகைத்தார். அவர் போட்ட சட்டம், அவரே மீறினால் ஊர் என்ன சொல்லும்?

"இலிங்கராயர் சொல்வது சரி" என்றான் பூவாண்டி. "அவர் கை தைலச் சீசாதான் என்றால் இது கலப்படமேதான். ஆனால் சீசா வெளியே நடமாடக்கூடாதே? கைக்கு ஒரு மூடி போட்டு, பண்டாரத்து அலமாரியில் வைத்துப் பூட்டிவிடுங்கள். கையோடு மற்ற உடம்பும் உள்ளே போகும். அதற்கு நாம் என்ன செய்ய முடியும்?"

சிரிப்பை அடக்கியதில் ராஜாவின் மீசை துடித்தது. இலிங்கராயர் கையைச் சால்வைக்குள் இழுத்துக்கொண்டு, "இது சீசா இல்லை, கைதான்" என்று முணுமுணுத்தார்.

"அப்படியானால் கலப்படமும் இல்லை" என்றார் ராஜா, நிம்மதியாக மூச்சு விட்டபடி. பிறகு சீசாவை ஏக்கத்தோடு பார்த்தார். "அவ்வளவு நல்ல வாசனை. வீணாகப் போகிறதே. நல்லெண்ணெய் ஊற்றி வீரியத்தைக் குறைக்கலாம் என்றால் என் சட்டமே என் கையைப் பிடிக்கிறது."

"கறிக்கு ஒரு துண்டுப் பட்டை போடுகிறோம், மகாராஜா. தலையில் ஒரு வண்டியை ஏற்றப் பார்த்தோம். தைலத்தின் மேல் தப்பில்லை" என்ற பூவாண்டி, ஒரு படி நல்லெண்ணெயைக் கொண்டுவரச் சொன்னான். அதில் தைலத்தை ஒரு சொட்டு, ஒரே சொட்டு விட்டுக் கலக்கினான்.

"பூவாண்டி! என்ன காரியம் செய்தாய்?" என்று ராஜா பதறினார்.

"தங்கள் சட்டப்படிதான் செய்தேன். விலை கூடியதில் விலை குறைந்ததை ஊற்றினால் கை போகும். நான் விலை குறைந்ததில் விலை கூடியதை விட்டேன். இதற்குக் கலப்படம் என்று பெயரில்லை, மகாராஜா. தானம்."

ராஜா ஒரு கணம் விழித்தார். அப்புறம் சிரிக்க ஆரம்பித்தார். நாற்பது நாளாக அடக்கி வைத்த சிரிப்பு. வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "என் பிள்ளைக்கு இதை வைக்கலாமா?"

"கூடாது. இளவரசருக்கு இதுவும் ஆகாது, வெறும் நல்லெண்ணெய் போதும். இது தங்களுக்கு. அதுவும் இன்று முழங்கை மடிப்பில் கொஞ்சம் தடவி நாளை விடியும்வரை பார்க்க வேண்டும். கண்ணுக்குப் பக்கத்தில் கொண்டுபோகக் கூடாது. வாயில் விடவே கூடாது."

குழந்தை நல்லெண்ணெயில் குளித்தது. வெந்நீர் பட்டதும் வீறிட்டு அழுதது. ராஜா எழுந்து ஓடிவந்தார்.

"தண்ணிக்கு அழுவுறாரு, மகாராசா. எண்ணெய்க்கு இல்ல. நீங்க போயி உக்காருங்க" என்றாள் காத்தாயி.

மறுநாள் ராஜாவின் கையில் ஒரு சிவப்புப் புள்ளிகூட இல்லை. சபையைக் கூட்டினார். இனிமேல் வாசனைப் பண்டாரத்திலிருந்து எது வந்தாலும் முதல் சொட்டு இலிங்கராயரின் கைக்கு என்று ஆணையிட்டார். காத்தாயியைக் கூப்பிட்டு, மணிக்கட்டில் தம் கையாலேயே ஒரு தங்க வளையலைப் போட்டார். பூவாண்டிக்கு ஒரு பட்டும், கூடவே பெரிய மனசு பண்ணி அந்தத் தைலச் சீசாவையும் கொடுத்தார். அதை வாங்கும்போது அவன் முகம் போன போக்கைப் பார்த்து மறுபடியும் சிரித்தார்.

வீட்டுக்கு வந்த பூவாண்டி சீசாவோடு சுற்றிச் சுற்றி வந்தான். அடுப்புப் பக்கம் வைத்தால் பற்றிக்கொள்ளும். ஜன்னலில் வைத்தால் பூனை தட்டிவிடும். ஊறுகாய்ச் சாடிக்குப் பக்கத்தில் வைத்தால் யாராவது தொட்டு நக்கித் தொலைப்பார்கள்.

"இதுக்கு ராசா தண்டனையே குடுத்திருக்கலாங்க" என்றாள் காத்தாயி. "இங்க குடுங்க." மணையில் ஏறி, பரணின் கடைசி மூலைக்குக் கையை நீட்டி, ஒரு செம்புக்குள் சீசாவை இறுக்கி வைத்தாள். நீட்டிய கையில் வளையல் குலுங்கியது.

அந்தச் சத்தத்தைக் கேட்ட பிறகுதான் பூவாண்டிக்குப் பசி எடுத்தது. இரண்டு நாள் சோற்றையும் ஒரே உட்காரலில் சாப்பிட்டான்.