ஆறுக்குட்டியின் பந்தயக் காரும் மூன்று காவல்காரர்களும்

கோயம்புத்தூருக்குப் பக்கத்தில் கிரைண்டர் பட்டறை வைத்திருந்த ஆறுக்குட்டி நல்ல மனிதர். சொன்னதை அப்படியே செய்கிற ஆட்கள்தான் வேண்டும் என்று பிடிவாதம் பிடிப்பது மட்டும் அவரிடம் இருந்த குறை. தேடித் தேடிக் கடைசியில் மூன்று பேரைக் கண்டுபிடித்துப் பட்டறைக்குக் காவல் வைத்தார். மருதாசலம் மூத்தவர், அடுத்தவன் வெள்ளிங்கிரி, கடைசி சென்னிமலை. மூவரும் சொன்னதைச் செய்வார்கள். சொன்னதற்கு என்ன அர்த்தம் என்று யோசிப்பது முதலாளிக்குச் செய்கிற மரியாதைக் குறைவு என்பது அவர்கள் எண்ணம்.

இந்த ஆறுக்குட்டி ஒரு கார் வாங்கினார். ஏதோ ஒரு வெளிநாட்டுக் கம்பெனியின் சிவப்புப் பந்தயக் கார் அந்தக் காலத்தில் பெரிய பந்தயம் ஒன்றில் ஜெயித்ததாம். அதன் ஞாபகமாக அதே சிவப்பு, கதவில் அதே வெள்ளை வட்டம், வட்டத்துக்குள் அதே பதினேழாம் நம்பர் என்று புதிதாக அறுபது கார் மட்டும் செய்தார்கள். அதற்கு மேல் ஒன்றுகூடச் செய்யமாட்டோம் என்று சொல்லிவிட்டார்கள். அந்த அறுபதில் ஒன்று கப்பலேறி வந்து கிரைண்டர் கற்களுக்கு நடுவில் இறங்கியது. காரின் வயிற்றுக்கும் தரைக்கும் நடுவில் நாலு விரல் நுழையும். ஐந்தாவது விரலுக்கு இடமில்லை.

ஆறுக்குட்டி அதை ஓட்டுவதற்காக வாங்கவில்லை. சிறு வயதில் ஊருக்கு வெளியே இருந்த பழைய விமானத் திடலில் கார்ப் பந்தயம் நடக்கும். அதே கம்பெனியின் பழைய காரில் கோதாவரி அம்மாள் என்று ஒருவர் வந்து, ஆண்கள் அத்தனை பேரையும் பின்னால் புழுதிக்குள் விட்டுவிட்டுப் போனதை அவர் வேலியைப் பிடித்துக்கொண்டு பார்த்திருக்கிறார். அந்த அம்மாளுக்கு இப்போது எண்பது தாண்டிவிட்டது. போன மாதம் பார்த்தபோது, "எனக்கு ஒண்ணும் வேண்டாம் ஆறுக்குட்டி, அந்த இன்ஜின் சத்தத்த இன்னொரு தடவ கால்ல உணரணும், அவ்வளவுதான்" என்று சொல்லியிருந்தார். ஞாயிற்றுக்கிழமை காலை அதே திடலில் அவரை உட்காரவைத்து வண்டியைக் கிளப்பச் சொல்வதாக ஆறுக்குட்டி வாக்குக் கொடுத்துவிட்டார்.

அதற்குள் மதுரையில் ஒரு கல்யாணம். போகும்போது மூவரையும் கூப்பிட்டார்.

"நல்லாக் கேட்டுக்கங்க. ஞாயித்துக்கிழமை திடலுக்குப் போய்ச் சேர்ற வரைக்கும் இந்த வண்டி யாரு கண்ணுலயும் படக்கூடாது. யாரு கையும் படக்கூடாது. கோதாவரி அம்மாதான் மொதல்ல உக்காரோணும், அதுக்கு முன்னால ஒருத்தரும் இதுல உக்காரக்கூடாது. காலைல லாரி வரும், ஏத்தி அனுப்புங்க. உலகத்துலயே மொத்தம் அறுபதுதான் இருக்குது."

"அப்ப மத்த அம்பத்தொம்பதுக்கும் காவல் யாருங்க?" என்று கவலையோடு கேட்டார் மருதாசலம்.

"அது அவங்கவங்க பாடு" என்று சொல்லிவிட்டு ஆறுக்குட்டி கிளம்பிவிட்டார்.

அவர் தலை மறைந்ததும் வெள்ளிங்கிரி சட்டென்று கண்ணை மூடிக்கொண்டான்.

"ஏன்டா?" என்றார் மருதாசலம்.

"யாரு கண்ணுலயும் படக்கூடாதுன்னாருங்கண்ணா. நாமளும் யாரோதானுங்களே."

மருதாசலத்துக்கு இது தனக்குத் தோன்றவில்லையே என்று வெட்கமாகப் போய்விட்டது. மூவரும் கொட்டகைக் கதவைச் சாத்திவிட்டு, துண்டை எடுத்துக் கண்ணைக் கட்டிக்கொண்டு காரைச் சுற்றி உட்கார்ந்தார்கள். சற்று நேரம் நன்றாகத்தான் போயிற்று.

"அண்ணா, வண்டி இருக்குதுங்களா?" என்றான் சென்னிமலை.

"எனக்கெப்படித் தெரியும்? கட்டியிருக்கறனே."

"தொட்டுப் பாத்தா?"

"கை படக்கூடாது."

நீண்ட ஆலோசனைக்குப் பிறகு, வண்டியிடமே கேட்டுவிடுவது என்று முடிவாயிற்று. சாவியில் இருந்த பொத்தானை அமுக்கினால் கார் 'கீக்' என்று கத்தும். மருதாசலம் சாவியைக் கையில் வைத்துக்கொண்டு, "இருக்கியா கண்ணு?" என்று கேட்பார். கார் 'கீக்' என்னும். மூவரும் நிம்மதியாக மூச்சு விடுவார்கள். மறுபடி சந்தேகம் வரும். மறுபடி கேட்பார்கள். ஞாயிற்றுக்கிழமை வரைக்கும் காரும் சலிக்கவில்லை, அவர்களும் சலிக்கவில்லை. பட்டறையில் வேலை செய்தவர்கள்தான் காதில் பஞ்சு வைத்துக்கொண்டார்கள்.

ஞாயிறு காலை லாரி வந்தது. லாரிக்காரர் பலகையைச் சாய்த்து வைத்துவிட்டு, "சாவி குடுங்க, ஏத்திர்றேன்" என்று காரின் கதவைத் திறக்கப் போனார்.

"உள்ள உக்காருவீங்களா?" என்றார் மருதாசலம்.

"உக்காராம எப்படிங்க ஏத்தறது?"

"நின்னுட்டு ஓட்டுங்க."

லாரிக்காரர் கண்ணைக் கட்டியிருந்த மூன்று முகங்களையும் மாறி மாறிப் பார்த்தார். பலகையை மடக்கினார். லாரியை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

"நல்ல மனுசன். சொன்னதும் புரிஞ்சுக்கிட்டாரு" என்றான் வெள்ளிங்கிரி.

ஆனால் வண்டி திடலுக்குப் போயாக வேண்டும். தள்ளிக்கொண்டே போய்விடலாம் என்றார் மருதாசலம். ரோட்டில் எல்லாரும் பார்ப்பார்களே என்றான் சென்னிமலை. ஊர் முழுக்கக் கண்ணைக் கட்டத் துணி போதாது. கடைசியில் வெள்ளிங்கிரி, "துணிய வண்டிக்குக் கட்டிட்டா?" என்றான். இத்தனை நாள் இது ஏன் தோன்றவில்லை என்று யாரும் யாரையும் கேட்டுக்கொள்ளவில்லை. தார்ப்பாயை எடுத்துக் கார் மேல் போர்த்தினார்கள். கண்கட்டு அவிழ்ந்தது.

கை படக்கூடாது என்பதால் மருதாசலமும் சென்னிமலையும் திரும்பி நின்று முதுகால் தள்ளினார்கள். வெள்ளிங்கிரி ஒரு நீளத் துண்டை ஸ்டீயரிங்கில் மாட்டி, ஜன்னல் வழியாக வெளியே விட்டு, மாட்டுக்குக் கயிறு பிடிப்பதுபோல் பிடித்துக்கொண்டு பக்கத்தில் நடந்தான். உலகத்தின் வேகமான கார்களில் ஒன்று அப்படியாகத் திடலுக்குப் புறப்பட்டது. வழியில் ஒரு கரும்புச்சாறு வண்டி அதை முந்திக்கொண்டு போயிற்று.

திடலுக்குக் கொஞ்சம் முன்னால் 'வேகத்தடை உள்ளது' என்று ஒரு போர்டு. அதற்கு அப்பால் ஊர்க்காரர்கள் தாங்களே போட்ட வேகத்தடை, எருமை படுத்த மாதிரி ரோட்டுக்குக் குறுக்கே கிடந்தது.

"அண்ணா, வேகத்தடைங்க" என்றான் வெள்ளிங்கிரி.

மருதாசலம் தள்ளுவதை நிறுத்தி யோசித்தார். "அது எதத் தடுக்கும்?"

"வேகத்தத் தடுக்குமுங்க."

"நம்மகிட்ட வேகம் இருக்குதா?"

"இல்லீங்க."

"அப்பறம் அது நம்மள ஏன் தடுக்கப் போவுது? தள்ளு."

தள்ளினார்கள். முன் சக்கரம் ஏறி இறங்கியது. பிறகு 'கர்ர்' என்று ஒரு சத்தம். காரின் வயிறு வேகத்தடையின் உச்சியில் போய் உட்கார்ந்தது. பின் சக்கரம் இரண்டும் அந்தரத்தில் நின்றன. முன்னால் தள்ளினால் நகரவில்லை, பின்னால் இழுத்தாலும் நகரவில்லை. காரை லேசாக இடித்தால் தராசுத் தட்டு மாதிரி மேலும் கீழும் ஆடியது.

"தடுத்துருச்சுங்கண்ணா" என்றான் சென்னிமலை.

"நாம கொஞ்சம் வேகமாத்தான் வந்திருக்கறோம்" என்று ஒப்புக்கொண்டார் மருதாசலம்.

மதுரையிலிருந்து திரும்பி, திடலில் காத்துக் காத்துப் பார்த்துவிட்டு ஆறுக்குட்டி கோதாவரி அம்மாளையும் தன் காரில் ஏற்றிக்கொண்டு தேடி வந்தார். தார்ப்பாய்க்கு அடியில் சிவப்பு தெரிந்தது. அவர் அப்படியே ரோட்டோரக் கல்லில் உட்கார்ந்துவிட்டார். அந்த அம்மாளிடம் என்ன சொல்வது என்பதுதான் அவருக்கு உறுத்தியது.

கோதாவரி அம்மாள் கைத்தடியை ஊன்றிக் காரை ஒரு சுற்றுச் சுற்றி வந்தார். தார்ப்பாயை விலக்கி அந்தப் பதினேழாம் நம்பரைக் கொஞ்ச நேரம் பார்த்தார்.

"யாராவது உக்காந்தாங்களாப்பா?" என்று மருதாசலத்தைக் கேட்டார்.

"இல்லீங்கம்மா. நீங்கதான் மொதல்ல."

"அப்ப கதவத் திற."

உள்ளே இறங்கி உட்கார அவருக்கு ரொம்ப நேரம் பிடித்தது. கார் ஒருதரம் ஆடி நின்றது. இன்ஜினைக் கிளப்பும் பொத்தானை அமுக்கினார். அந்தச் சத்தத்தில் புளியமரத்துக் காக்கை எல்லாம் கிளம்பிப் பறந்தன. செருப்பைக் கழற்றிவிட்டு வெறுங்காலை மிதிமேல் வைத்து, கியரைப் போட்டு, அழுத்தினார். பின் சக்கரங்கள் அந்தரத்தில் பறந்தன. வேகம் காட்டும் முள் நூறு போய், நூற்றைம்பது போய், இருநூறைத் தொட்டது. கார் ஒரு அங்குலம் நகரவில்லை. அம்மாள் ஸ்டீயரிங்கைப் பிடித்தபடி வளைவுகளில் சாய்வதுபோல் அப்படியும் இப்படியும் சாய்ந்துகொண்டிருந்தார். இறங்கியபோது கண் கலங்கியிருந்தது.

"திடல்ல ஓட்டியிருந்தா நீ இருபதுக்கு மேல போக விட்டிருக்க மாட்ட ஆறுக்குட்டி. இதுதான் சரி. வா, பசிக்குது."

ஆறுக்குட்டிக்கு உயிர் வந்தது. கல்லில் உட்கார்ந்தபோது இந்த மூன்று பேரையும் வேலையை விட்டு அனுப்ப நினைத்திருந்தார், அது மறந்தே போயிற்று. அம்மாளை வீட்டில் விடப் புறப்பட்டவர், போகிற அவசரத்தில் சொன்னார்: "பட்டறையில சொல்லி ஆளு, கிரேன் எல்லாம் வரவெச்சுக்கங்க. வண்டிய அலுங்காம குலுங்காம, இப்ப எப்படி இருக்குதோ அப்படியே கொண்டு வந்து சேத்துங்க."

சாயங்காலம் பட்டறைக்கு வந்தார். மருதாசலம் வாசலிலேயே நின்று சிரித்த முகமாகக் கும்பிட்டார். "வந்துருச்சுங்க. துளிகூட அலுங்கலைங்க."

கொட்டகைக்குள் கார் இருந்தது. வேகத்தடை மேல் இருந்தது. கிரைண்டர் கல் அறுக்கிற மெஷினை ரோட்டுக்குக் கொண்டுபோய், வேகத்தடையைச் சுற்றிச் சதுரமாக அறுத்து, அடியோடு தூக்கி வந்து வைத்திருந்தார்கள். காரின் பின் சக்கரங்கள் இன்னும் அந்தரத்தில்தான் இருந்தன.

ஆறுக்குட்டி சுற்றிலும் பார்த்தார். "அந்த ரெண்டு பேரும் எங்க?"

"ரோட்டுலதானுங்க. குழிய மண்ணுப் போட்டு மூடிட்டோம். ஆனா அங்க வேகத்தடை உள்ளதுன்னு போர்டு இருக்குதுங்களே. நம்மளால கவருமெண்டு போர்டு பொய் சொல்லலாமுங்களா?"

ஆறுக்குட்டி தன் காரை எடுத்துக்கொண்டு பறந்தார். போர்டைத் தாண்டியதும் அடித்துப் பிடித்துப் பிரேக் போட்டார். உச்சி முதல் உள்ளங்கால் வரை கறுப்பும் வெள்ளையுமாகப் பட்டை பட்டையாகப் பெயின்ட் அடித்துக்கொண்டு, ரோட்டுக்குக் குறுக்கே சென்னிமலை நீட்டிப் படுத்திருந்தான். இரண்டு பக்கமும் பஸ்களும் லாரிகளும் வரிசையாக நின்றன.

"பழசு மேல எல்லாரும் ஏறிட்டுப் போவாங்க மொதலாளி" என்றான் சென்னிமலை படுத்தபடியே. "எம்மேல இதுவரைக்கும் ஒருத்தரும் ஏறல."

"எந்திரிடா."

"வெள்ளிங்கிரி வந்து மாத்துனாத்தானுங்க எந்திரிக்க முடியும்."

ஆறுக்குட்டி திரும்பிப் பார்த்தார். ரோட்டோரத்தில் வெள்ளிங்கிரி உடம்பெல்லாம் பட்டையோடு, இரண்டு கையையும் அகல விரித்துக்கொண்டு காற்று வரும் பக்கமாக நின்றிருந்தான்.

"இன்னும் காயலைங்க" என்றான்.