சிப்பித்துறைக் கோபுரத்தில் பெட்டி ஏறிய நாள்

சிப்பித்துறை மீனவர் சங்கத்தில் விவரமானவர்கள் மூன்று பேர் என்பது அந்த மூன்று பேருடைய கருத்து. செயலாளர் கஸ்பார், பொருளாளர் பங்கிராஸ், எதற்கும் இருக்கட்டும் என்று சேர்த்துக்கொண்ட தொம்மை.

சங்கத்து வயர்லெஸில் ஒரு குறை இருந்தது. கடலிலிருந்து வள்ளக்காரர்கள் என்ன கத்தினாலும் கரையில் கொசு முனகுவதுபோல்தான் கேட்கும். அதைச் சரிசெய்ய நகரத்திலிருந்து ஒரு ஆம்ப்ளிஃபயர் வந்து சேர்ந்தது. தேங்காய் அளவுப் பெட்டி. மாட்டித்தர வேண்டிய இன்ஜினியருக்குக் கால் சுளுக்கு. போனில் சொல்லித் தருகிறேன் என்றார்.

அன்று சாயங்காலம் சூறைக்காற்று என்று அறிவிப்பு வந்திருந்தது. ஐந்து வள்ளங்கள் கடலில் நின்றன. "காத்து வருது, திரும்புங்க" என்று மத்தியானமே கஸ்பார் மைக்கில் சொல்லிவிட்டார். பதிலுக்குக் கொசு முனகியது. வருகிறோம் என்றதா, மாட்டோம் என்றதா, தெரியவில்லை. முன் வள்ளத்தில் இருந்தவர் அவர் மச்சான் சந்தியாகு. கஸ்பாருக்கு மத்தியானச் சோறு இறங்கவில்லை.

"டவர் உச்சியில, ஆண்டெனாவுக்குப் பக்கத்துல மாட்டுங்க" என்றார் இன்ஜினியர். "கடல்ல இருந்து வர்ற சிக்னல் வயர்ல இறங்குறதுக்குள்ள தேஞ்சுபோகும். அதனால பெட்டியக் கீழ மட்டும் வெச்சிராதீங்க."

பெட்டி அப்போது பங்கிராஸ் கையில் இருந்தது. அவர் அதை மார்போடு அணைத்துக்கொண்டார். டீ வந்தது, தொம்மை ஊட்டினார். மூக்கு அரித்தது, அதையும் தொம்மையே பார்த்துக்கொண்டார்.

வயர்லெஸ் கோபுரம் ஐம்பதடி. ஏற இரண்டு கையும் வேண்டும்.

"கயித்துல கட்டி இழுத்துருவோமா?" என்றார் தொம்மை.

"கட்டணும்னா கீழ வைக்கணுமேவே" என்றார் பங்கிராஸ்.

கஸ்பார் நெடுநேரம் யோசித்து, பெட்டியைப் பங்கிராஸ் தலையில் ஏற்றித் துண்டால் தாடையோடு சேர்த்துக் கட்டினார். பல்வலிக்காரர் மாதிரி பங்கிராஸ் ஏறினார். பெட்டியில் இரண்டே துளை. ஒன்றின்மேல் 'ஆண்டெனா' என்றும் மற்றதன்மேல் 'கீழே' என்றும் எழுதியிருந்தது. தப்பாக மாட்டுவதென்றால் தனியாக உழைக்கவேண்டும்; அதற்கு நேரமில்லை. சரியாகவே மாட்டிவிட்டு இறங்கினார்.

"எர்த் குடுத்துட்டீங்களா?" என்றார் இன்ஜினியர். "இல்லேன்னா இடி விழுந்தா பெட்டி போயிரும்."

மூவரும் கலந்து பேசினார்கள். எர்த் என்றால் மண் என்பதில் கருத்து வேறுபாடு இல்லை. கடற்கரை மணலா, செம்மண்ணா என்பதில்தான் இழுத்தது.

"மணல் காத்துல பறந்துரும்" என்றார் கஸ்பார். தேரி மேட்டிலிருந்து அரைச் சாக்குச் செம்மண் வந்தது. கயிற்றில் கட்டி மேலே ஏற்றிப் பெட்டிக்கு அடியில் தொங்கவிட்டார்கள். பாதி மண் தொம்மை தலைக்கு வந்தது. குடுத்தாச்சு சார் என்று கஸ்பார் நிம்மதியாகச் சொன்னார்.

இன்ஜினியர் அடுத்ததற்குப் போனார். "அதே டவர்ல ஐஸ் கம்பெனி ஆண்டெனாவும் இருக்குல்ல? ரெண்டும் ஒண்ணை ஒண்ணு பார்க்கக்கூடாது. பார்த்தா இடைஞ்சல் வரும்."

"என்ன சண்டையாம்?" என்று தொம்மை கேட்டார். அது பெரிய இடத்து விஷயம் என்று சொல்லி, கஸ்பார் தன் வேட்டியைப் பங்கிராஸிடம் கொடுத்து மேலே அனுப்பினார். இரண்டுக்கும் நடுவில் அது திரையாக ஏறியது. கஸ்பார் அரைக்கால் டவுசரோடு வந்து வயர்லெஸ் முன்னால் உட்கார்ந்தார்.

"கடைசியா ஒண்ணு" என்றார் இன்ஜினியர். "ஒருத்தர் பேசுறப்போ இன்னொருத்தர் மைக்கை அழுத்தவே கூடாது. அவங்க முடிக்கிறவரை பொறுமையா இருங்க."

பங்கிராஸ் இறங்கி வந்ததும் வயர்லெஸைப் போட்டார்கள். கொசு இல்லை. சந்தியாகு பக்கத்தில் உட்கார்ந்து பேசுவதுபோல் இருந்தது. "கரை, கரை. மத்தியானம் என்னமோ சொன்னியளே, இன்ஜின் சத்தத்துல காதுல விழல. திரும்பச் சொல்லுங்க. கேக்குதா?"

கஸ்பாருக்குக் கண் கலங்கிவிட்டது. மூவரும் தலையாட்டினார்கள்.

"மச்சான், கேக்குதா?" என்றார் சந்தியாகு. பிறகு சத்தமில்லை.

தொம்மை மைக்கை எடுக்கப் போனார். கஸ்பார் அவர் கையைப் பிடித்தார். "மூச்சு வாங்குறான்வே. முடிக்கட்டும்."

சந்தியாகு முடிக்கவில்லை. அரைமணி நேரமாக விட்டு விட்டுக் கேட்டுக்கொண்டே இருந்தார். மூவரும் ஒவ்வொரு தடவையும் ஒழுங்காகத் தலையாட்டினார்கள். பங்கிராஸுக்குக் கழுத்து பிடித்துக்கொண்டது. கடைசியில், "கரையில ஒருத்தரையும் காணல. என்னமோ ஆயிப்போச்சு. எல்லாரும் வள்ளத்தைத் திருப்புங்கலே" என்று அவர் மற்ற வள்ளங்களுக்குக் கத்துவது கேட்டது.

ஐந்து வள்ளங்களும் அடித்துப்பிடித்து வந்தன. கடைசி வள்ளத்தை மணலில் இழுத்துப்போட்டதும் சூறைக்காற்று வந்து மோதியது. ஐஸ் கம்பெனியின் கூரையில் பாதி பறந்தது.

சந்தியாகு நனைந்த சட்டையோடு சங்கத்துக்குள் நுழைந்தார். ஊர் உயிரோடு இருப்பதைப் பார்த்ததும் அவருக்கு ஆத்திரம் பொங்கியது.

"கேக்குதா கேக்குதான்னு தொண்டை கிழியக் கேட்டேனே. ஒரு பதில் உண்டா?"

"சொன்னோமே மச்சான்" என்றார் கஸ்பார். "மூணு பேரும் தலையாட்டினோம். பங்கிராஸ் கழுத்தைப் பாரு."

சந்தியாகு பங்கிராஸின் கழுத்தைப் பார்த்தார். அது ஒரு பக்கமாகத் திரும்பி நின்றது. அவருடைய கோபம் தணிந்தது.

"ரூமுக்குள்ள உக்காந்து ஆட்டினா கடல்ல எப்படித் தெரியும்?" என்றார். "டவர் உச்சியில ஏறியில்ல ஆட்டியிருக்கணும்."

இது மூவருக்கும் தோன்றவே இல்லை. வெட்கப்பட்டார்கள்.

மறுநாளே சங்கம் கூடித் தீர்மானம் போட்டது. தூரத்துக்குத் தெரியவேண்டும் என்பதால், ஊரில் பெரிய தலை யாருக்கு என்று கயிறு பிடித்து அளந்தார்கள். இரண்டு பேருக்கு ஒரே அளவு வந்தது. யார் மனசும் நோகக்கூடாது என்று இரண்டு பேரையும் வேலைக்கு வைத்திருக்கிறார்கள். ஆமாம் என்று ஆட்ட ஒருவர், இல்லை என்று ஆட்ட ஒருவர்.